ஊற்றும் நாளுக்கு முன்

லாரி காலையிலேயே வந்து நிற்கும். தடித்த ரப்பர் குழாயை அதிலிருந்து இழுத்து, பக்கவாட்டுச் சந்து வழியாக, வீட்டின் பின்கட்டில் புதிதாகக் கட்டிய அடுக்களைவரை கொண்டுபோவார்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும், கரைத்த தோசைமாவு போன்ற வெளிர்சாம்பல் குழம்பு குழாய்முனையிலிருந்து வழிந்து சுவருக்குச் சுவர் பரவும். பூட்ஸ் மாட்டிய இரண்டு பேர் ஒரு நீளக் கம்பியைப் பிடித்து, குழம்பின் மேற்பரப்பை அலைத்துக்கொண்டே பின்னுக்கு நகர்வார்கள். 60 சதுர மீட்டர் தரை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்காரர்கள் கதவருகே நின்று கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். எவ்வளவு சுலபமாகப் போயிற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப்பட்ட தரைகளுக்கு அடிவேலை செய்யும் குழு ஒன்றை நான் மேற்பார்க்கிறேன். குழம்பு வந்து விழும்வரை உள்ள வேலை எங்களுடையது. லிக்விட் ஸ்கிரீட் என்று இதைச் சொல்கிறார்கள். நாங்கள் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் சிமென்ட் இல்லாத வகைதான். ஜிப்சம் இனத்தைச் சேர்ந்த கால்சியம் சல்பேட்டும் மணலும் நீரும் கலந்தது. அடியில் கான்கிரீட் தளம். அதன்மேல் சூடு கீழே இறங்காமல் தடுக்கும் அட்டைகள். அதன்மேல் பாலித்தீன் விரிப்பு. விரிப்பின்மேல் வெந்நீர் ஓடும் குழாய்கள். அவற்றை மூடிக்கொண்டு 5 சென்டிமீட்டர் கனத்துக்கு இந்தக் குழம்பு. இறுகி உலர்ந்த பிறகு மேலே டைல்ஸோ மரப்பலகையோ வந்துவிடும். நாங்கள் போட்ட எதையும் அந்த வீட்டில் வாழ்பவர்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

என் அப்பாவின் வேலையும் முக்கால்வாசி கண்ணில் படாத வேலைதான். காரைக்குடிப் பக்கம் அவர் மேஸ்திரி. 1970-களின் கடைசியில், பள்ளி விடுமுறைகளில் அவர் பின்னால் திரிந்து தரை வேலை பார்த்தவன் நான். சிமென்ட் அப்போது அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982-ல்தான் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. முழுவதும் நீங்கியது 1989-ல். ஆகவே சாதாரண வீட்டுத் தரையில் சிமென்ட் என்பது மேலே ஒரு மெல்லிய பூச்சுக்கு மட்டும், சிவப்பு ஆக்ஸைடு கலந்து தேய்ப்பதற்கு. அதற்கு அடியில் நாலு விரற்கடைக்கும் மேலாகச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் சிவப்புத் தரையின் மினுமினுப்பைப் பாராட்டுவார்கள். அந்த மினுமினுப்பு ஒருநாள் வேலை. அதைத் தாங்கிய தளம் பல நாள் வேலை.

பேஸ்மட்டத்துக்குள் கிராவல் நிரப்புவதிலிருந்தே அப்பாவின் கண்டிப்பு ஆரம்பித்துவிடும். ஒரேயடியாகக் கொட்டவிடமாட்டார். அரையடி உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, திமிசுக் கட்டையால் இடித்து, பிறகு அடுத்த அரையடி. மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் பாய்ச்சினால் மேல்மண் கெட்டிப்பட்டு நல்லதுபோலத் தெரியும். அடிமண் பொலபொலவென்றே இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது அது உள்வாங்கும். மேலே உள்ள தரை தாங்க ஆள் இல்லாமல் விரியும். ஜல்லிக்கு நன்றாக வெந்த செங்கல்தான் வேண்டும் என்பார். உடைத்த ஜல்லியை முன்னிரவே தொட்டியில் ஊறப்போட வேண்டும். ஊறாத ஜல்லி சுண்ணாம்பில் உள்ள நீரைக் குடித்துவிடும். பிறகு சுண்ணாம்பு எதைக் கொண்டு பிடிக்கும்? நீற்றிய சுண்ணாம்பு, மணல், செங்கல்லைப் பொடித்த சுர்க்கி. சுர்க்கி சேர்ந்தால்தான் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும் என்பது எந்தப் புத்தகமும் படிக்காத சித்தாளுக்கும் தெரிந்திருந்தது.

ஜல்லியைப் பரப்பியதும் சித்தாள்கள் வரிசையாகக் குந்தி, கைக்கட்டையால் தட்டிக்கொண்டே பின்னேறுவார்கள். ஒரு சுற்று முடிந்தால் மறுபடி குறுக்கே. தட்டத் தட்டச் சுண்ணாம்புப் பால் மேலே கசியும். கட்டை பதியாமல் துள்ளி எழ வேண்டும், ஓசை மாற வேண்டும். அதுவரை தட்டுவது நிற்காது. மாடியில் சுண்ணாம்புத் தளம் போட்டால் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள்; அது இதைவிடவும் நீளும். எனக்கு அத்தை முறை வரும் ஒருவர் எப்போதும் அந்த வரிசையின் முதல் ஆள். தளம் தயாரா என்று அப்பா தன் கண்ணையோ ரசமட்டத்தையோ மட்டும் நம்பித் தீர்மானித்ததில்லை. அத்தையைக் கேட்பார்.

“இன்னும் அடங்கலண்ணே.”

அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு மேல்பூச்சுப் பேச்சே கிடையாது. வீட்டு முதலாளி வந்து, நாள் குறித்தாயிற்று, குடிபுகப் பத்திரிகை அடித்தாயிற்று என்று நிற்பார். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். “தளம் அடங்கட்டுங்கய்யா, அப்புறம் பூசிருவோம்” என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

நாள் எப்போது என்பதைத் தளமே முடிவு செய்த காலம் அது. இங்கே நான் போகும் பல கட்டடங்களில் முதலில் குறிப்பது பம்ப் வரும் தேதியை. மற்றதெல்லாம் அந்தத் தேதிக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் நெருக்கி உட்கார வேண்டும். ஊற்றுவது மணிக்கணக்கு வேலையாகச் சுருங்கிவிட்டது. நல்ல குழு ஒரே நாளில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் ஊற்றிவிட முடியும். மிச்சமான நேரம் அடிவேலைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. மேல்வேலை வேகமாகிவிட்டதால் அடிவேலையும் அதே வேகத்தில் நடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

இந்தக் குழம்புக்கு அப்பாவின் தளத்தைவிடக் கூடுதல் முன்வேலை தேவை. சுண்ணாம்பு ஜல்லி கெட்டியானது, வைத்த இடத்தில் இருக்கும். ஒரு மூலையில் பள்ளம் இருந்தால் சித்தாள் கையால் அள்ளிப் போட்டு நிரப்புவார். ஓரத்தில் சந்து இருந்தால் கரணையால் அடைக்கலாம். மட்டப்பலகை இழுக்கும்போது குறை தெரியும். தெரிந்த உடனே சரிசெய்ய நேரமும் இருந்தது. பம்ப்பிலிருந்து வருவது அப்படியல்ல. விரலிடுக்கு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து இறங்கிவிடும். ஊற்றத் தொடங்கிய பிறகு குனிந்து எதையும் திருத்த முடியாது. செய்ய வேண்டியது அனைத்தும் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

மட்டம் பார்ப்பதிலிருந்து வருகிறேன். அப்பாவிடம் இருந்தது நீர் நிரப்பிய டியூப். ஒரு முனையை நான் சுவரில் சேர்த்துப் பிடிப்பேன். மறுமுனை அவர் கையில். நீர் அலைந்து நிற்கும்வரை அசையக் கூடாது. டியூபுக்குள் ஒரு குமிழி தங்கியிருந்தாலும் மட்டம் பொய்யாகிவிடும் என்பதால் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் குமிழிகளை வெளியேற்றுவார். இப்போது முக்காலியில் லேசர் சுழல்கிறது. அளவுகோலோடு ஒரு ஆள் நடந்தால் போதும். தேட வேண்டியது மட்டும் அன்றைக்குத் தேடியதேதான்: அடித்தளத்தில் எது மேடு. வீட்டுத் தரையில், அட்டைகளின்மேல் மிதக்கும் ஸ்கிரீடுக்குக் குறைந்தது 35 மில்லிமீட்டர் கனம் வேண்டும். குழாய் ஓடினால் குழாயின் முதுகுக்கு மேலே 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அறையின் நடுவில் ஒரே ஒரு மேடு இருந்தாலும் அந்த இடத்தில் கனம் குறையும், அங்கேதான் முதலில் விரியும். ஆகவே தரை முழுக்க எவ்வளவு கனம் என்பதை அந்த மேடுதான் நிர்ணயிக்கிறது. அதைச் செதுக்கி எடுப்பதா, தரை மட்டத்தை உயர்த்துவதா என்று முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும். கதவும் படிக்கட்டும் வந்த பிறகு உயர்த்த இடமிருக்காது.

பிறகு பெருக்குவது. இதைச் சின்ன வேலையாக நினைப்பவர்கள் என் குழுவில் நிலைப்பதில்லை. சுவர் பூசியபோது கீழே விழுந்து காய்ந்த சாந்துக் கட்டிகள், ஆணிகள், மரத்துண்டுகள் எல்லாவற்றையும் உளியால் கொத்தி எடுத்துவிட்டுத்தான் அட்டை போட வேண்டும். பட்டாணி அளவு கட்டி ஒன்று அடியில் மாட்டினாலும் அட்டை அதன்மேல் ஆடும். மிதித்துப் பார்த்தால் கால் உணர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆடும் அட்டைமேல் ஊற்றிய தரை என்றைக்காவது ஆடப் பார்க்கும். ஆட முடியாமல் உடையும். இரண்டு அடுக்காகப் போட்டால் மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. சுவரோரம் விட்டுப்போன சந்துகளை நிரப்பியாக வேண்டும். இங்குள்ள பழைய வீடுகளின் கல்சுவர் நேராக இருப்பதில்லை. ஒவ்வொரு அட்டையையும் சுவரின் போக்குக்கு ஏற்ப வெட்டி வெட்டித்தான் பொருத்த முடியும்.

அடுத்தது சுவரோரப் பட்டை. 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனமுள்ள நுரைப்பட்டை ஒன்றைச் சுவர் நெடுக, தூண்களைச் சுற்றி, கதவுநிலைகளைச் சுற்றி நிறுத்த வேண்டும். சூடேறினால் தரை விரியும். விரிய இடம் வேண்டும். தரை எந்த இடத்திலும் சுவரை நேராகத் தொடக் கூடாது. மூலைகளில்தான் ஆட்களின் தரம் தெரிகிறது. பட்டையை மூலைக்குள் நன்றாக அழுத்தி மடிக்காமல் வளைத்து விட்டுவிட்டால், பட்டைக்குப் பின்னால் வெறும் இடம் உண்டாகும். குழம்பின் பாரம் பட்டையைப் பின்னால் தள்ளி, பாலித்தீனைப் பிய்த்துக்கொண்டு அந்த வெறும் இடத்துக்குள் போய்விடும்.

பாலித்தீன் விரிப்பு ஒரு தொட்டிபோல நீர் கசியாமல் இருக்க வேண்டும். விரிப்பும் விரிப்பும் சேரும் இடத்தில் 10 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முழு நீளத்துக்கும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுருக்கம் இருக்கக் கூடாது. பாலித்தீனில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுருக்கம் குழம்புக்குள் கத்திபோல நின்றுவிடும். அந்தக் கோட்டில் தரையின் கனம் பாதியாகிறது. சில வாரங்களில் அதே கோட்டில் வெடிப்பு மேலே வருகிறது. வெடிப்பைப் பார்த்து எல்லோரும் குழம்பைக் குறைசொல்வார்கள்.

வேறொரு ஒப்பந்தக்காரர் அடிவேலை செய்த வீட்டுக்கு என்னை அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஊற்றி முடிக்கும் தறுவாயில் அறையின் ஒரு பக்கம் வீங்கி எழுந்துவிட்டதாம். நான் போனபோது இறுகிப்போயிருந்தது. உடைத்துப் பார்த்தோம். வாசலோரம் டேப் ஒட்டாமல் விட்ட ஒரு இணைப்பு வழியாகக் குழம்பு அட்டைகளுக்கு அடியில் புகுந்திருந்தது. ஒரு லிட்டர் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் பொருள் அது. நுரை அட்டை எடையே இல்லாதது. அட்டை மிதந்தது, அதோடு குழாயும் எழுந்தது, மேலே குழாயை மூடக் குழம்பே இல்லாமல் போயிற்று. புதிதாகப் போட்ட அடுக்களையின் பாதியை இயந்திரம் வைத்து உடைத்து அள்ளினார்கள். அந்த வீட்டுப் பெண்மணி குப்பைப் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழ டேப் ஒட்டியிருந்தால் நடந்திருக்காது. அதை ஒட்டவேண்டிய பையனைத் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. இரண்டு நாள் வேலையை மதியத்துக்குள் முடி என்று அவனிடம் சொன்னவர் யார் என்பதே என் கேள்வி.

குழாய் விஷயத்திலும் இதே மிதப்புதான் பகை. 60 சதுர மீட்டர் அறையில் 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டினால் 400 மீட்டர் குழாய் ஆகும். நீர் நிரப்பியிருந்தாலும் குழாய் இந்தக் குழம்பைவிட லேசானதுதான். கிளிப் தளர்ந்த இடத்தில் மேலே வந்துவிடும். ஆகவே முழங்கால் போட்டு ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கிளிப் அடிக்கிறோம். வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. பிறகு நீரேற்றி, 6 பார் அழுத்தத்தில் நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்க்கிறோம். ஊற்றும்போதும் குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும். யாராவது பூட்ஸால் மிதித்துக் குழாய் நைந்தால் அந்தக் கணமே முள் இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

நான் வளர்ந்த வீட்டில் தரையின் வேலை உடம்பைக் குளிரவைப்பது. சித்திரை வெயிலில் சிவப்புத் தரையில் பாய்கூட விரிக்காமல் படுத்துக்கொள்வோம். இங்கே வெந்நீர் ஓட்டித் தரையைச் சூடாக்குகிறார்கள். குழந்தைகள் தை மாதக் குளிரில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இரண்டுக்கும் தேவை ஒன்றேதான்: தரைப்பொருள் குழாயையோ மண்ணையோ இடைவெளியில்லாமல் அணைத்திருக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் குளிர்ச்சியும் வராது, சூடும் வராது. குழம்பு குழாயின் அடிப்பக்கம்வரை சுற்றி நிரம்புகிறது என்பதால்தான் வெந்நீர்த் தரைகளுக்கு இதை விரும்புகிறார்கள். அந்தப் பெருமை இந்தப் பொருளுக்கு உரியது. அதை நான் மனதாரச் சொல்வேன்.

தானாக மட்டமாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். முழுக்க உண்மையல்ல. எவ்வளவு உயரம்வரை ஊற்ற வேண்டும் என்று சொல்ல, சிறு முக்காலிகளை லேசர் பார்த்து அறை நெடுக முன்கூட்டியே நிறுத்துகிறோம். அப்பா சாந்தில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நூல் கட்டியது இதே காரியத்துக்குத்தான். ஊற்றியதும் கம்பியால் இரண்டு முறை அலைக்க வேண்டும், முதலில் நீளவாட்டில், பிறகு குறுக்கே. சிக்கிய காற்று வெளியேறுவதும் பரப்பு சமமாவதும் அந்த அலைப்பில்தான். வாசல்படி, குழாய் ஏறும் துவாரம், இரண்டு அறைக்கு நடுவில் உள்ள இணைப்பு எல்லாவற்றிலும் நீர் கசியாத தடுப்பு கட்டியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் தரத்தில் மிகக் கண்டிப்பான வகைக்கு, 2 மீட்டர் மட்டக்கோலை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது. அப்பாவின் தரைகளோ மட்டமாகவே இருக்காது. அவர் வேண்டுமென்றே வாட்டம் வைப்பார். கழுவிவிட்ட தண்ணீர் முற்றத்துக்கு ஓடிவிட வேண்டும் அல்லவா? ஒரு பக்கத்தில் தண்ணீர் கொட்டிவிட்டு, அது தேங்காமல் போய்ச் சேரும்வரை நின்று பார்ப்பார்.

ஊற்றிய பிறகு வரும் நாட்களில்தான் இரண்டு காலத்துக்கும் உள்ள உறவு எனக்கு அதிகம் புலப்படுகிறது. முதல் நாளின் எதிரி அங்கேயும் இங்கேயும் காற்று. அப்பா சிவப்புத் தரையைத் தேய்த்து முடித்ததும் சன்னல்களில் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிடுவார். இங்கே ஊற்றும் முன்பே கூரை முடிந்திருக்க வேண்டும், சன்னலும் கதவும் மாட்டியிருக்க வேண்டும். ஊற்றிய பின் ஒன்றிரண்டு நாள் எதையும் திறக்கக் கூடாது. ஒருபக்கம் மட்டும் காற்றோ வெயிலோ பட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்கிவிடும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கவும் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து பாதைகள் நேர் எதிராகப் பிரிகின்றன. அப்பா தரையில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். சிமென்ட் வலுவடைய நீர் வேண்டும். ஒரு வாரத்துக்கும் மேல் அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இந்தத் தரைக்கோ உள்ளே உள்ள மிச்ச நீர் அத்தனையும் வெளியேறியாக வேண்டும். ஜிப்சம் நனைந்தே கிடந்தால் வலுவிழக்கும். சன்னலைத் திறந்து, ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைத்து, ஏழு நாளுக்குப் பிறகு குழாயில் இளஞ்சூட்டு நீரை விட்டு மெல்ல மெல்லச் சூட்டைக் கூட்டுகிறோம். நல்ல காற்றோட்டத்தில் முதல் 40 மில்லிமீட்டர் கனம்வரை நாளுக்கு 1 மில்லிமீட்டர் உலரும்; அதற்கு மேல் நாளுக்கு அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 50 மில்லிமீட்டர் தரைக்கு 60 நாள். குழாய்ச் சூடு இதைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் செய்துவிடாது. ஒரு மணி நேரத்தில் ஊற்றிய தரைக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும்போது வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிவிடும். இதை ஒப்பந்தம் போடும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மேலே படியும் மெல்லிய பால்தோலை முதல் வாரம் பத்து நாளுக்குள் தேய்த்து எடுப்பதும் வேலைதான். எடுக்காவிட்டால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது, டைல்ஸும் அந்தத் தோலோடு சேர்ந்து பெயர்ந்து வரும். டைல்ஸ் ஒட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒட்டும் பசை சிமென்ட் வகையாக இருந்தால், அதற்கும் ஜிப்சம் தரைக்கும் நடுவில் ப்ரைமர் பூசி இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். ஈரத்தில் இரண்டும் நேராகச் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் விளைந்து பருத்து, டைல்ஸைத் தரையிலிருந்து நெம்பிவிடும்.

1824-ல் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், இதே லீட்ஸில் செங்கல் அடுக்கும் வேலை பார்த்தவர். அப்பா பர்மிட்டுக்கு அலைந்த மூட்டையின் வேர் இந்த ஊர். அந்த ஊரிலேயே நான் சிமென்ட் கலவாத, சிமென்ட்டோடு ஒத்துப்போகாத தரைக்கு வேலை செய்கிறேன். மூலப்பொருள் மட்டும் எனக்கு அந்நியமாகப்படவில்லை. சூளையில் உடைந்துபோன செங்கல்லைப் பொடித்துச் சுர்க்கி ஆக்கினார்கள். இந்தக் குழம்பின் கால்சியம் சல்பேட்டில் ஒரு பங்கு ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆலைகளில் மிஞ்சுவது. நிலக்கரி மின்நிலையங்களின் புகையில் கந்தகத்தைப் பிடித்தபோது கிடைத்த ஜிப்சமும் இந்தத் தொழிலுக்கு வந்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டதோடு அந்த வழி இந்த நாட்டில் அடைபட்டுவிட்டது.

ஊரில் என்ன நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அண்ணன் மகன் வீடு கட்டினான். நாலுக்கு இரண்டு அடி டைல்ஸ், பளிங்குபோல. வீடியோவில் காட்டினான். “சித்தப்பா, ஒரே வாரத்துல எல்லா ரூமும் முடிஞ்சிருச்சு” என்றான். டைல்ஸ் பெரிதாகப் பெரிதாக அடித்தளத்தின் குறை அதிகம் வெளிப்படும். ஒரு சிறு மேடு இருந்தாலும் அவ்வளவு பெரிய தகடு அதன்மேல் உட்காராது. டைல்ஸுக்குக் கீழே எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை. பேஸ்மட்டத்துக்குள் இடித்த வீட்டுக் கழிவை ஒரே நாளில் கொட்டி, மறுநாளே கான்கிரீட் போட்டிருந்தார் ஒப்பந்தக்காரர். சிமென்ட்டுக்கு இப்போது தட்டுப்பாடே இல்லை. தண்ணீர் விட்டு இடிப்பதற்குத்தான் ஆள் வைக்கவில்லை. எண்பது தாண்டிய அப்பா கைத்தடியோடு போய்ப் பார்த்துவிட்டு, “கீழ எத்தனை நாள் ஊறுச்சு?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. அடுத்த மழைக்குள் கூடத்து டைல்ஸ் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிறகு எடுத்துவிட்டு, அரையடி அரையடியாக நிரப்பித் திரும்பப் போட்டார்கள். திமிசு பிடித்துப் பழகிய ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாளாயிற்று.

அத்தை வரிசையில் குந்தியிருந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலிதான் கொடுத்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கொடுத்தார். அதை நான் மறைக்கமாட்டேன். முடிவை அவர்களிடம் கேட்டவர், கூலியை அந்த முடிவின் தகுதிக்குக் கொடுக்கவில்லை. அது தவறு. இங்கே கூலி பரவாயில்லை. ஆனால் முடிவைக் கேட்பதில்லை. பாலித்தீன் ஒட்டும் ஆளிடம், தயாரா என்று யாரும் கேட்பது கிடையாது. தேதியைத் தெரிவிப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் என் குழுவில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேடு, அட்டை, ஓரப்பட்டை, இணைப்புகள், சுருக்கம், கிளிப், அழுத்தம் என்று அதில் இருக்கும். கையெழுத்து என்னுடையது அல்ல. முழங்கால் போட்டு அந்த விரிப்பை ஒட்டியவருடையது. அது வந்த பிறகே பம்ப் கிளம்ப வேண்டும் என்று நிறுவனத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில், ருமேனியாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தார். அடுப்பங்கரை மூலையில் ஓரப்பட்டை உள்வாங்கி நிற்கிறது, பின்னால் பிளம்பர் வைத்த குழாய் இருக்கிறது, அதை நகர்த்தாமல் மூலை அடையாது என்றார். கட்டட மேலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து வெகுநேரம் பேசினார். பம்ப் மூன்று நாள் தள்ளிப்போனது. ரத்துக் கட்டணத்தை நிறுவனம் கட்டியது. பிளம்பர் வந்து குழாயை நகர்த்தினார். இளைஞர் மூலையை வெட்டி மடித்து, டேப் ஒட்டி, விரலால் நீவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.